ஏரியிலிருந்து கடல் வரை: ஒரு பாதையைத் தெரிந்த கதை

மலர்க் குழுவினர் எம்மிடம் வேண்டியது கல்லூரி நினைவுகளை. அவற்றை எம்மினும் திறம்பட எழுத வல்லோர் இம்மலரில் நிறைந்திருப்பர். மைதானத்து வேம்பையும், வெள்ளிக்கிழமைப் பூசையையும், அதிபரின் பிரம்பையும் அவர்கள் பாடட்டும். நாம் எழுதப் புகுவது வேறொன்று. ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் அமர்ந்திருந்த மூவர், நாற்பது ஆண்டுகளாக மூன்று நாடுகளில் வாழ்ந்தபின், இரண்டு மோட்டார்ச் சைக்கிள்களில் ஐரோப்பாவின் தென்கரையை நோக்கிச் சென்ற கதை அது. சென்ற கதையினும், எவ்வழியாற் செல்வதென்று வாதாடிய கதையே பெரிது. பயணத்துக்கு எடுத்த நாள்கள் ஏழு. பாதையைத் தெரிவதற்கு எடுத்த மாதங்கள் ஏழு.

மூவருள் ஒருவர் பாரிசு மாநகரிலே பலசரக்குக் கடை நடத்துபவர். அவரை முதலாளி என்றே அழைப்போம். 1984ஆம் ஆண்டிற் புறப்பட்டவர். அன்றுதொட்டு ஞாயிற்றுக்கிழமையிலும் கடை பூட்டாதவர். மற்றவர் ஊரைவிட்டு நீங்காது ஆசிரியத் தொழில் புரிந்து இளைப்பாறியவர். மாணவப் பருவத்திலேயே பிறர் தமிழிற் பிழை பிடிக்கும் வழக்கத்தாற் 'சட்டம்பியார்' என்னும் பட்டம் பெற்றார்; பின்னர் அப்பட்டத்துக்கேற்ற தொழிலையும் பெற்றார். நாமோ சுவிற்சலாந்தின் லோசான் நகரிலே, செனீவா ஏரியின் வடகரையில் வாழ்ந்து வருகின்றோம். சட்டம்பியார் மகளைப் பார்க்கப் பாரிசுக்கு வருகிறார் என்று அறிந்தபோது முதலாளி தொலைபேசியிற் சொன்னதை அப்படியே தருகின்றோம்: "மச்சான், மூண்டு பேரும் உயிரோடை இருக்கேக்கை ஒருக்கால் சேர்ந்து போவம். இந்த வருசத்தோடை மோட்டச் சைக்கிளை வித்துப்போடுறன் எண்டு மனிசிக்கு வாக்குக் குடுத்திட்டன்."

ஆகவே அப்பயணம் அவருக்கு இறுதிப் பயணம். இருபது ஆண்டுகளாக அவர் உள்ளத்திற் குடியிருந்தது ஒரே பெயர்: ஸ்ரெல்வியோ. இத்தாலியின் வடவெல்லையில், 2757 மீற்றர் உயரத்தில் உள்ள மலைக்கணவாய் அது. லொம்பார்டி நாட்டையும் திரோல் நாட்டையும் தொடுப்பதற்காக, அக்காலத்தில் அவ்விரண்டையும் ஆண்ட ஒஸ்திரியப் பேரரசின் பொருட்டு, கார்லோ டொனேகானி என்னும் பொறியியலாளர் 1820 தொடக்கம் 1825 வரையில் அப்பாதையை அமைத்தார். கிழக்குச் சரிவில் மட்டும் நாற்பத்தெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த அடையாளம் உண்டு. எமது நாட்டிலே மகியங்கனைக்குச் செல்லும் 'பதினெட்டு வளைவு' வழியிற் பஸ்ஸிற் சென்று தலை சுற்றியவர்கள் இதனை ஒருவாறு மனத்திற் காணலாம். முதலாளியின் கடைச் சுவரில், சுவாமி படங்களுக்கு அடுத்ததாக, இவ்வளைவுகளின் வண்ணப்படம் ஒன்று தொங்குகின்றது. விளக்கேற்றும் மருமகள் அதற்கும் சில வேளைகளிற் பூ வைத்துவிடுவதுண்டாம்.

இனிச் சட்டம்பியாரின் நிலை. அவர் பிறந்து வளர்ந்த குடாநாடு, வாசகர் அறிந்தவாறு, பலகை போன்ற சமதரை. கடல்மட்டத்துக்கு மேலே சில மீற்றர் உயர்ந்தாலே அதனை மேடு என்று பெயரிட்டழைப்போம். அன்றியும், அவருக்கு உயரம் என்றால் அச்சம். கல்லூரி மேல்மாடி விறாந்தையின் விளிம்பிலே அவர் ஒருநாளாயினும் நின்றதை நாம் கண்டதில்லை. அத்தகையவரைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு எவ்வழியாற் செல்வது என்பதே எம்முன் நின்ற வினா. ஒருவருக்கு உயரமே வேண்டும். மற்றவருக்கு உயரமே ஆகாது. இருவரும் எம்மை நடுவராக வைத்தனர். நடுவர் பதவியின் நன்மை தீமைகளை வழக்காடு மன்றங்களிற் சென்று பழகியோர் அறிவர்.

நாம் முதலிற் செய்தது பெரிய கடதாசிப் படத்தை மேசையிற் பரப்பியதே. கைத்தொலைபேசி விரைவான வழியைச் சொல்லும்; அழகிய வழியைச் சொல்லாது. மிச்செலின் நிறுவனத்தின் பாதைப் படங்களிலே, காட்சி நலம் மிக்க பாதைகளின் ஓரமாகப் பச்சைக் கோடு ஒன்று செல்லும். செங்குத்தான ஏற்றங்களிற் சிறு அம்புமுனைகள் இடப்பட்டிருக்கும்: ஒரு முனையெனில் ஏற்றம் தாங்கலாம், மூன்று முனையெனிற் பற்களைக் கடித்துக்கொள்ள வேண்டும். பச்சைக் கோடுகளை மட்டும் விரலாற் தொட்டுக்கொண்டு ஒரு மாலைப்பொழுதைக் கழித்துப் பார்த்தால், தென்னைரோப்பா முழுவதும் பச்சை நூலாற் தைத்தது போலத் தோன்றும். அங்கேதான் இடர்ப்பாடு. எல்லாம் அழகாயின் எதனை விடுவது?

தென்னித்தாலியின் அமல்பிக் கரைப் பாதையை விரைவில் விலக்கினோம். பாறையைக் குடைந்து கடலுக்கு மேலே செல்லும் அருமையான பாதைதான். ஆயினும் பருவகாலத்திற் பஸ்களும் கார்களும் அங்கு ஊர்வதன்றி ஓடுவதில்லை. செல்ல விரும்புவோருக்கு ஒரு குறிப்பு: அங்கு வீதியின் வலப்பக்கத்திற் செலுத்த வேண்டுமாதலால், பொசித்தானோவிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றாற் கடல் உம் பக்கத்தில் இருக்கும், எதிர்த்திசையிற் சென்றால் எதிரே வரும் பஸ்தான் கடலைப் பார்க்கும். இதே கணக்கின்படி கோர்சிக்காத் தீவை மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்புறமாகச் சுற்ற வேண்டும். அத்தீவின் மேற்குக் கரையிலே, பியானா என்னும் ஊரருகில், கருஞ்சிவப்புக் கருங்கற் பாறைகள் கடலினின்று நிமிர்ந்து நிற்கும் காட்சியை யாம் முன்னொருமுறை கண்டு மெய்ம்மறந்து நின்றதுண்டு. ஆயினும் போக வரக் கப்பற் பயணத்துக்கு இரண்டு நாள் கழிந்துவிடும். ஏழு நாளில் இரண்டைக் கப்பலுக்குக் கொடுக்க முதலாளி இணங்கவில்லை, அவர் வணிகர்.

இத்தாலியின் தொலொமைற்று மலைகள் எம்மை நீண்ட நாள் தடுமாறச் செய்தன. செல்லா என்னும் பெரும்பாறைக் கோட்டையைச் சூழ்ந்து பொர்தோய், செல்லா, கார்தெனா, கம்போலொங்கோ என நான்கு கணவாய்கள் உள்ளன. நான்கையும் ஒரே வட்டமாக ஒரு முற்பகலிற் சுற்றிவிடலாம். அந்தியில் அப்பாறைகள் செந்நிறம் பூண்டு ஒளிரும். 2009ஆம் ஆண்டிலே உலக மரபுரிமையிடமாகச் சேர்க்கப்பட்டவை அவை. எனினும் எமது எண்ணம் இது: தொலொமைற்று மலை தங்கியிருந்து சுற்றிப் பார்க்கவேண்டிய இடம். ஒரு விடுதியில் அறை எடுத்து, காலையிற் புறப்பட்டு மாலையில் அதே அறைக்குத் திரும்பலாம். பயணம் சென்றோம் என்ற உணர்வு அதில் வராது. சட்டம்பியாரோ இவ்வாதத்தை வேறு விதமாக முடித்தார். "நாங்கள் ஓரிடத்திலை துவங்கி இன்னோரிடத்திலை முடிக்க வேணும். முடியிற இடத்திலை கடல் இருக்க வேணும்" என்றார். அவர் விதித்த ஒரே நிபந்தனை அதுவே. கடற்கரை ஊரிற் பிறந்தவருக்குப் பாதை முடிந்தது என்பதற்கு வேறு அடையாளம் தேவையில்லை போலும்.

இவ்விடத்திலேதான் பிரான்சு நாட்டின் 'பேரல்ப்சுப் பாதை' மேசைமேல் வந்தது. செனீவா ஏரியின் தென்கரையிலுள்ள தொனோன் என்னும் ஊரிற் தொடங்கி, அல்ப்சு மலைத்தொடரை வடக்குத் தெற்காக முழுவதும் ஊடறுத்து, மத்தியதரைக் கடலோரத்து நீஸ் நகரில் முடிவது அது. நீளம் ஏறக்குறைய 700 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையில் நேர்கோடாகச் சென்றாலும் இத்துணை நீளம் வராது. பிரெஞ்சுச் சுற்றுலாக் கழகத்தினர் 1909ஆம் ஆண்டளவில் இப்பாதைக்கு வித்திட்டனர். இடையே இசரான் என்னும் உயர் கணவாய் பாதையின்றிக் கிடந்தது. 1937ஆம் ஆண்டு சூலை மாதத்தில், சனாதிபதி அல்பேர் லெபுறன் அக்கணவாய்ப் பாதையைத் திறந்து வைத்தார். இன்னொரு செய்தி வரலாற்று மாணவருக்கு உவப்பளிக்கும். தொடக்கத்திலுள்ள சவோய் நாடும், முடிவிலுள்ள நீஸ் நாடும் 1860ஆம் ஆண்டு வரையில் சார்டீனிய அரசருக்கு உரியனவாயிருந்து, அவ்வாண்டிலே ஒருங்கே பிரான்சுடன் இணைந்தவை. ஒரே நாளிற் திருமணமாகிப் புகுந்தகம் வந்த இரு மருமகளிரைப் போன்றவை என்றார் சட்டம்பியார்.

இப்பாதைக்கு நாம் சார்ந்ததற்கு அழகு மட்டும் காரணமன்று. மலைப்பாதை ஒன்றைத் தெரிவோர் முதலிற் பார்க்கவேண்டியது, வானிலை கெட்டால் இறங்கி ஓடுவதற்கு வழி உண்டா என்பதையே. பேரல்ப்சுப் பாதையிலே ஒவ்வொரு கணவாய்க்கும் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு வழி இருக்கின்றது. இசரான் மூடப்பட்டால், இசேர் ஆற்றின் வழியே அல்பேர்வில் நகருக்கு இறங்கி, மொறியென் பள்ளத்தாக்கினூடே மறுபுறம் போய்ச் சேரலாம். நேரம் கூடும், உயிர் தங்கும். ஸ்ரெல்வியோவுக்கோ லோசானிலிருந்து சென்று சேர்வதற்கே ஒரு நாளுக்கு மேலாகும். ஏறி இறங்கினால் மீண்டும் மலைக்கு நடுவே நிற்போம். அன்றியும் அந்த நாற்பத்தெட்டு வளைவுகளும் மிக ஒடுங்கியவை. பின்னால் ஒருவரையும் பக்கத்திற் பெட்டிகளையும் சுமந்த மோட்டார்ச் சைக்கிள், மேலிருந்து பஸ் ஒன்று வளைவில் முழு வீதியையும் அடைத்துக்கொண்டு இறங்கும்போது, ஏற்றத்திற் கால் ஊன்றி நிற்க நேர்ந்தால், அறுபதைக் கடந்த எமது முழங்கால்கள் தாங்குமா என்பது ஐயம். இதனை நாம் முதலாளிக்கு விளக்கினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "சரி மச்சான், சட்டம்பிக்காக விடுறன்" என்றார். படத்தை மடித்து வைத்துவிட்டார். அன்றிரவு அவர் உறங்கினாரோ என்னவோ, நாம் உறங்கவில்லை. நாற்பது ஆண்டு உழைத்தவன் வேண்டியது ஒன்று; அதனை மறுக்கும் பொறுப்பு எம் தலையில் விழுந்தது.

செப்டெம்பர் மாதத் தொடக்கத்தைத் தெரிந்தோம். இசரான், கலிபியே போன்ற உயர் கணவாய்கள் பனியினாற் குளிர்காலம் முழுவதும் மூடிக் கிடந்து, பெரும்பாலும் யூன் மாதத்திலேயே திறக்கும். ஒக்ரோபருக்குப் பின் மீண்டும் மூடும். சூலை, ஓகஸ்டு மாதங்களிற் கூட்டம் மிகும்; சில கணவாய்களைச் சில காலை வேளைகளிற் சைக்கிளோட்டிகளுக்கென ஒதுக்கி மோட்டார் வண்டிகளைத் தடுப்பதும் உண்டு. செப்டெம்பரிற் பாடசாலை தொடங்கிவிடும், பாதை ஓயும். உடையைப் பொறுத்தவரை ஒன்று சொல்லலாம். ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பம் ஆறரைப் பாகை அளவு குறையும். நீஸ் கடற்கரையில் 28 பாகையெனில், 2800 மீற்றரில் ஏறக்குறைய 10 பாகை. ஆகவே ஒரே நாளில் மாசியும் சித்திரையும் அல்ல, மாசியும் பனிக்கட்டிப் பெட்டியும் என்று எண்ணிக்கொண்டு உடை எடுக்க வேண்டும். கையுறை கட்டாயம்: பிரான்சில் 2016 நவம்பர் முதல் ஓட்டுபவர் மட்டுமன்றிப் பின்னிருப்பவரும் தரமுத்திரை பெற்ற கையுறை அணியவேண்டுமென்பது சட்டம். சட்டம்பியார் தமது வாழ்நாளில் முதன்முறையாகக் கையுறை வாங்கினார். அதனை அணிந்த கையால் திருநீற்றுப் பையைத் திறக்க முயன்ற காட்சி இன்னும் எம் கண்முன் நிற்கின்றது.

முதலிரு நாளும் இனிது கழிந்தன. கொலொம்பியே, அராவிசு முதலியன இரண்டாயிரம் மீற்றருக்குக் குறைந்த பசுங்கணவாய்கள். மணி கட்டிய மாடுகள் மேயும் புல்வெளிகள். மரவீடுகளின் மாடங்களிற் செந்நிறப் பூச்சாடிகள். சட்டம்பியாருக்குப் பின்னிருக்கைப் பாடத்தை இங்கேதான் பயிற்றினோம். வளையும்போது உடலை எதிர்ப்புறம் சாய்க்கலாகாது. எப்பக்கம் வளைகின்றோமோ அப்பக்கத்துத் தோளுக்கு மேலாகப் பார்த்தாற் போதும், உடல் தானே பொருந்தும். ஆசிரியராயிருந்தவர் மாணவராவது எளிதன்று. ஆயினும் அவர் நல்ல மாணவர். பள்ளத்தைப் பற்றி ஒரு கண்டுபிடிப்பும் செய்தார். மலைச்சரிவில் நெளிந்தேறும் பாதையிலே, ஒரு வளைவு கடந்தாற் பள்ளம் வலப்பக்கம், மறு வளைவு கடந்தால் இடப்பக்கம். வலப்பக்கம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டு ஐந்தெழுத்தை உரைப்பதாகவும், இடப்பக்கம் வரும்போது திறந்து காட்சியைப் பார்ப்பதாகவும் கூறினார். ஆகவே அல்ப்சு மலையிற் சரிபாதியை அவர் கண்டிருக்கிறார். உணவில் இடர் இல்லை: போபோர் என்னும் ஊரின் பெயரையே தாங்கிய பாற்கட்டியும் உருளைக்கிழங்கும் எங்கும் கிடைத்தன, உறைப்புக்கு முதலாளியின் பெட்டியிற் பருத்தித்துறை வடை இருந்தது.

இரண்டாம் நாள் மாலை பூர்-சென்-மொறிஸ் என்னும் ஊரை அடைந்தபோது மழை தொடங்கிற்று. மறுநாட் காலையிலே, மேலே வெண்பனி விழுந்து இசரான் மூடப்பட்டது என்ற செய்தி வந்தது. பள்ளத்தாக்கு வழி திறந்திருந்தது. அதற்காகவே இப்பாதையைத் தெரிந்தோம். ஆனால் அவ்வழி சென்றால் இசரான் போய்விடும். ஸ்ரெல்வியோவை விட்ட முதலாளிக்கு நாம் வாக்களித்த ஈடு அந்த இசரான்தான். 2764 மீற்றர், ஸ்ரெல்வியோவினும் ஏழு மீற்றர் உயர்ந்தது. காத்திருந்தாலோ ஒரு நாள் கழியும். இறுதி நாளுக்கென வைத்திருந்த துரீனிக் கணவாயும் மொன்தோன் கரைப்பாதையும் போய்விடும். அவை எமது விருப்பம். துரீனி, மொண்டி கார்லோ மோட்டார்ப் போட்டியாற் புகழ்பெற்ற கணவாய். நாம் இளமை தொட்டு இரவுப் படங்களிற் பார்த்து ஏங்கியது. ஒருவருக்கு ஒன்றை மறுத்தபின் எமக்கென ஒன்றை வைத்துக்கொள்வது நடுவுநிலைமை ஆகாது. காத்திருந்தோம். விடுதிச் சாளரத்தருகே அமர்ந்து பகல் முழுவதும் மூவரும் பேசினோம். நாற்பது ஆண்டுகளிற் தொலைபேசியிற் பேசாத எத்தனையோ செய்திகள் அந்த மழைநாளில் வெளிவந்தன. அவை மலரில் எழுதுவதற்குரியன அல்ல.

நான்காம் நாள் வானம் வெளுத்தது, பாதை திறந்தது. மேலே ஏறும் வழியிற் தீஞ் என்னும் இடத்திற் பெரிய அணைக்கட்டு ஒன்று உண்டு. நூற்றெண்பது மீற்றர் உயரம். பிரான்சிலே இதனினும் உயர்ந்த அணை இல்லை. அதன் பின்னுள்ள நீலநீருக்கு அடியிற் பழைய தீஞ்க் கிராமம் கிடக்கின்றது. மின்சாரத்துக்காக அணை கட்டியபோது, குடிமக்களின் எதிர்ப்பையும் மீறி, 1952ஆம் ஆண்டில் அவர்களை வெளியேற்றி ஊரை நீரில் ஆழ்த்தினர். கோயிலை மட்டும் அதே வடிவில் மேட்டிலே மீளக் கட்டினர். இதனை நாம் ஒரு சுற்றுலாச் செய்தியாகவே சொல்லிக்கொண்டு நின்றோம். சட்டம்பியார் தலைக்கவசத்தைக் கழற்றி நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, இருபத்தைந்து ஆண்டு கழிந்து தமது காணியை மீண்டும் பார்த்தவர் அவர். வீடு இருந்த இடத்திற் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றதாம். "எங்களுக்குத் தண்ணி விடேல்லை. அந்த மட்டிலை புண்ணியம்" என்றார். பின் தாமாகவே பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். முதலாளி அணைமேல் எடுத்த ஒளிப்படங்களை அன்றிரவு பார்த்தோம். ஒன்றில் மட்டும் சட்டம்பியார் இருக்கிறார், முதுகு காட்டி.

வால் டிசேர் ஊரிலிருந்து உச்சிக்குப் பதினாறு கிலோமீற்றர். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகின்றது. அவ்வுயரத்திற் காற்றழுத்தம் கடல்மட்டத்ததின் நான்கில் மூன்று பங்கிலும் சற்றுக் குறைவு. பொறிக்கும் மூச்சு வாங்கும். இக்கால வண்டிகளில் எரிபொருளின் அளவை மின்னணுக் கருவி தானே சீர்செய்யுமாயினும், குறைந்த காற்றைக் கூட்ட அக்கருவியால் இயலாது. இருவர் சுமையுடன் ஏற்றத்திற் கியரை ஒன்று குறைத்தே செல்லவேண்டும். பாதையோரத்திற் புதுப்பனி வெண்மணல் போலக் குவிந்து கிடந்தது. உச்சியிற் கல்லாற் கட்டிய சிறு கோயில் ஒன்று. 1939ஆம் ஆண்டிற் கட்டப்பட்டது. முன்மதி மாதா என்னும் பொருள்படும் பெயர் அதற்கு. மலைவழி செல்வோர்க்கு அன்பு மாதாவினும் முன்மதி மாதாவே ஏற்றவர் என்று எமக்குத் தோன்றிற்று. எமது நாட்டின் மிகவுயர்ந்த மலையாகிய பீதுறுதாலகாலையினும் 240 மீற்றர் உயரத்தில் நிற்கிறோம் என்று சட்டம்பியாருக்குச் சொன்னோம். அவர் கையுறையைக் கழற்றிப் பனியை ஒரு பிடி அள்ளி, பள்ளம் எப்பக்கம் என்று கேட்டு, மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அப்பாலுள்ளவற்றைச் சுருங்கச் சொல்வோம். தெலகிராப் என்னும் கணவாய், தந்தி வருமுன்னர் குன்றுக்குக் குன்று கைகாட்டி மரத்தாற் செய்தி அனுப்பிய காலத்துப் பெயரைத் தாங்கியது. அதனையடுத்த கலிபியே, 2642 மீற்றர். 1911 முதற் பிரெஞ்சுச் சைக்கிளோட்டப் போட்டியாற் பெயர் பெற்றது. காட்சி என்ற அளவில் எமது வாக்கு இதற்கே: உச்சியில் நின்று தெற்கே பார்த்தால், மேஜ் சிகரம் பனியாற்றைத் தோளிற் போட்டுக்கொண்டு எதிரே நிற்கும். பிறியான்சோன் கோட்டை நகரைக் கடந்து இசோவார் கணவாயை ஏறினால், மறுபுறத்திற் 'பாழ்ச்சரிவு' எனப் பொருள்படும் ஓரிடம். மரமில்லாத மஞ்சட் கற்சரிவிலே முறிந்த தூண்கள் போன்ற பாறைகள் தனித்தனியே நிற்கின்றன. பிரெஞ்சு நூல்கள் அதனைச் சந்திரமண்டலத்துக்கு ஒப்பிடும். எம் மூவருக்கும் ஒருசேரத் தோன்றியது வேறு: செல்லடியிற் தலையிழந்த பனங்காடு. ஒருவரும் அங்கு நெடுநேரம் நிற்கவில்லை.

ஆறாம் நாட் காலை வார்ஸ் கணவாயைக் கடந்து பார்சலோனெற் ஊருக்கு இறங்கினோம். சிறிய மலையூர், ஆனால் தெருவோரங்களில் அரண்மனை போன்ற மாளிகைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இவ்வூர் இளைஞர்கள் மெக்சிக்கோ நாட்டுக்குச் சென்று துணி வணிகத்திற் பொருளீட்டினர். திரும்பி வந்தவர்கள் ஊரிலே மாளிகை கட்டினர். எமது பாட்டன்மார் மலாயாவிற் புகையிரதக் கந்தோர்களிலே உழைத்து வந்து ஊரிற் கல்வீடு கட்டிய கதைதான் இது. மொழி மட்டும் வேறு. முதலாளி ஒவ்வொரு மாளிகை வாயிலிலும் நின்று மதிற்சுவரை அளந்தார்.

இவ்வூரிலேதான் இறுதிப் பிணக்கு எழுந்தது. இங்கிருந்து தெற்கே நீஸ் நகருக்குச் செல்ல, எமக்கு ஏற்ற கணவாய்கள் இரண்டு. கயோல் கணவாய், 2326 மீற்றர். பேரல்ப்சுப் பாதையின் மூலவழி அதுவே. அதன் அருகே ஊற்றெடுக்கும் வார் நதி நீஸ் கடலோரம் வரை கூடவே வரும். மற்றையது பொனெற்; கணவாய் 2715 மீற்றர், அதன்மேல் ஒரு கழுத்தணி போற் சுற்றிவரும் பாதை 2802 மீற்றர் வரை ஏறும். ஐரோப்பாவின் மிகவுயர்ந்த பாதை என்று அங்கே பலகை நாட்டியிருக்கின்றனர். அது மெய்யன்று, இசுப்பானியாவின் வெலெற்றா மலைப்பாதை அதனினும் உயர்ந்தது. பலகை எழுதுவோர் எந்நாட்டிலும் ஒருபடித்தானவர்களே. சட்டம்பியார் நதியோடு செல்ல விரும்புவார் என்று முதலாளி எண்ணி, தாமாகவே, "கயோலாலை போவம்" என்றார். சட்டம்பியார் படத்தைப் பார்க்காமலே, "பொனெற்" என்றார். இருவரும் மற்றவருக்காகத் தத்தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்தால் நடுவர் யாது செய்வது?

இங்கே எமக்குத் துணை நின்றது மலையின் இயல்பு. அச்சத்தைத் தருவது உயரமன்று. பாதையின் அகலமும் சுவரின் செங்குத்துமே. கயோல் தாழ்ந்ததாயினும், அதன் வடபுறப் பாதை ஆற்றுக் குடைவினூடே ஒடுங்கிச் செல்லும். சில இடங்களில் இரு கார்கள் விலக இடமில்லை. கீழே பார்த்தால் நேரே பள்ளம். பொனெற் அவ்வாறன்று. மரமற்ற அகன்ற சரிவுகளிலே பாதை நீளமாகப் படுத்துக் கிடக்கும். ஒரு வளைவில் நின்றே அடுத்து வரும் ஐந்து வளைவுகளையும் காணலாம். உயரத்துக்கு அஞ்சுவோருக்கு உயர்ந்த வழியே நல்ல வழியாயிற்று. இதனை இருவருக்கும் விளக்கினோம். சட்டம்பியார் உடனே, "அப்ப நான் தியாகம் ஒண்டும் செய்யேல்லை எண்டுறியோ?" என்று வருந்தியது போற் கேட்டார்.

பொனெற் ஏறினோம். 1860ஆம் ஆண்டில் மூன்றாம் நெப்போலியன், புதிதாய்ச் சேர்ந்த நீஸ் நாட்டை அடைவதற்காகப் பேரரசுப் பாதை என்று இதனைப் பெயரிட்டு விரித்தான். மேலே கருஞ்சாம்பல் நிறக் கற்பொடி அன்றி வேறொன்றுமில்லை. சுற்றுப்பாதையின் உச்சியில் முதலாளி வண்டியை நிறுத்தி இறங்கி, தலைக்கவசத்தை இருக்கைமேல் வைத்து, சிறிது நேரம் தனியே நடந்தார். நாமும் சட்டம்பியாரும் போகவில்லை. திரும்பி வந்தவர், "ஸ்ரெல்வியோவிலும் பாக்க நாப்பத்தைஞ்சு மீற்றர்" என்று மட்டும் சொன்னார். பதினாறு வயதிற் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர், கழித்தல் பிழைக்கவில்லை.

தென்புறத்தில் இறங்கும்போது, கைவிடப்பட்ட படைமுகாம் ஒன்றின் கூரையில்லாச் சுவர்களைக் கடந்தோம். அப்படியான சுவர்களுக்கருகே மூவரும் வேகத்தைக் குறைக்காதது இயல்பு. தினே ஆற்றின் பள்ளத்தாக்கு. முதலிற் பைன்மரம், பின்பு செம்பாறை, பின்பு ஒலிவமரம். ஒரு மணி நேரத்துக்கொரு சட்டையாகக் கழற்றிக்கொண்டே இறங்கினோம். தினே ஆறு வார் நதியிற் கலக்கிறது. ஆகவே சட்டம்பியாரின் நதி ஈற்றிலே எம்மோடு சேர்ந்துகொண்டது. மாலை ஆறு மணியளவில் நீஸ் நகரக் கடற்கரையிற் கூழாங்கற்கள்மேல் நின்றோம். அங்கு மணல் இல்லை என்பது சட்டம்பியாருக்கு ஏமாற்றம். காற்சட்டையை முழங்கால்வரை மடித்து நீரில் இறங்கி, உள்ளங்கையில் அள்ளி நாவில் வைத்துப் பார்த்து, "உப்புக் கூட" என்றார். மத்தியதரைக் கடலின் உவர்ப்பு எமது கடலினும் மிகுதி என்பது புவியியலிலும் உண்மை.

முதலாளி பாரிசு சென்றதும், வாக்குத் தவறாமல், மோட்டார்ச் சைக்கிளை விற்க விளம்பரம் எழுதினார். விலையை எவரும் வாங்கவியலாத அளவுக்கு உயர்த்தி எழுதியிருப்பதாக அவர் மனைவியார் எம்மிடம் தொலைபேசியிற் குறைப்பட்டார். சட்டம்பியார் ஊருக்குத் திரும்பியபின் அஞ்சலில் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். அதிலே பென்சிலாற் கோடு ஒன்று: ஸ்ரெல்வியோவிற் தொடங்கி, தொலொமைற்று மலைகளினூடே கிழக்கே சென்று, அதிரியாற்றிக்குக் கடலோரத்துத் திரியெஸ்தெ நகரில் முடிகின்றது. 'கடல் உண்டு' என்று ஓரத்தில் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறார். நாம் இப்பொழுது அக்கோட்டிலுள்ள அம்புமுனைகளை எண்ணிக்கொண்டிருக்கின்றோம். நாற்பத்தெட்டு வளைவுகளையும் ஏறுவதா, இறங்குவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. வலப்பக்கப் பள்ளங்களைக் கணக்கெடுத்து அனுப்புமாறு சட்டம்பியார் கேட்டிருக்கிறார்.